சிஸ்டரிடம் கேளுங்கள்: போனில் வந்த மருந்தும் இடம் மாறிய கமாவும்

*படிப்பு முடித்து கம்யூனிட்டி சர்வீஸ் செய்கிறேன். நைட் டியூட்டியில் டாக்டர் போனில் மருந்து சொல்கிறார், திரும்பக் கேட்டால் எரிந்து விழுகிறார். சார்ட்டில் எழுதினாலும் பாதி புரிவதில்லை. "டாக்டர் சொன்னார், கொடுத்தேன்" என்றால் போதாதா அக்கா?*
– இளம் நர்ஸ், ஃபீனிக்ஸ்

போதாது. தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் ஒழுங்கு விதிகளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது, மருந்தைச் சரியாகக் கொடுப்பது, செய்ததைத் தெளிவாகப் பதிவது, இவற்றில் எதில் தவறினாலும் விசாரணை நம் பெயரில்தான் நடக்கும். டாக்டரை விசாரிப்பது வேறு கவுன்சில். அவர் மாட்டிக்கொண்டார் என்பதால் நம்மை விட்டுவிட மாட்டார்கள்.

போனை எடுக்கும்போதே அந்த நோயாளியின் சார்ட் கையில் இருக்க வேண்டும். உள்ளங்கையிலும் கையுறை டப்பாவின் ஓரத்திலும் கிறுக்கிவிட்டு அப்புறம் சார்ட்டில் ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில்தான் எண் மாறுகிறது. காதில் விழ விழ சார்ட்டிலேயே எழுதுங்கள். எழுதியதைப் பார்த்து திரும்ப வாசியுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும், அதனால் "ஒன், ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொரு நர்ஸும் ரிசீவரை வாங்கிக் கேட்கட்டும். நேரத்தையும், சொன்னவர் பெயரையும், கேட்ட இருவரின் கையெழுத்தையும் போட்டு வையுங்கள். டாக்டர் வந்து எவ்வளவு நேரத்துக்குள் கையெழுத்திட வேண்டும் என்பது உங்கள் மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் விதிகளில் இருக்கும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு விடாமல் துரத்துங்கள்.

மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு எதற்காக அந்த மருந்து என்றும் கேளுங்கள். லோசெக் வயிற்று அமிலத்தைக் குறைப்பது, லேசிக்ஸ் உடம்பில் தேங்கிய நீரை இறக்குவது. இந்த இரண்டு பெயரும் குழம்பியதால்தான் அமெரிக்காவில் 1990-ல் லோசெக்கை பிரிலோசெக் என்று மாற்றினார்கள். "கால் வீக்கத்துக்கு" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை.

இன்சுலின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். யூனிட் என்பதற்குச் சுருக்கமாக ஆங்கில யு எழுத்தைப் போடுவார்கள். அவசரத்தில் அதன் வாய் மூடிக்கொண்டால் சுழியமாகிவிடும், 10 யூனிட் 100 ஆகிவிடும். யூனிட் என்று முழுசாக எழுதாத இன்சுலின் உத்தரவை நான் ஏற்றதே இல்லை.

எரிந்து விழுகிறவரை எப்படிச் சமாளிப்பது? "தப்பாக நினைக்காதீர்கள் டாக்டர்" என்று இழுக்காமல் விஷயத்திலிருந்து ஆரம்பியுங்கள். "இவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே அதிகம், 5,9 வந்திருக்கிறது. நீங்கள் எழுதிய பொட்டாசியத்தை நான் கொடுக்கவில்லை. என்ன செய்யட்டும்?" இவ்வளவு போதும். அதற்கும் கத்தினால் டியூட்டி மேனேஜரிடம் போங்கள், பார்மசிஸ்டைக் கேளுங்கள், கொடுக்காத காரணத்தையும் நேரத்தையும் சார்ட்டில் எழுதுங்கள். என் காலத்தில் ஒரு சர்ஜன் போனை அறைந்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு டோஸைப் பாதியாகக் குறைப்பார். நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டாம், டோஸ் குறைந்தால் போதும்.

*தமிழ்நாட்டில் படித்து, இங்கே வேலைக்கு வந்திருக்கிறேன். சார்ட்டில் 0,5 என்று கமா போட்டு எழுதுகிறார்கள். பழகுவதற்கு ஏதாவது வழி உண்டா சிஸ்டர்?*
– வாசகி, டர்பன்

நல்ல வேளை கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில் தசமக் குறி கமாதான். ஆயிரத்தைப் பிரிக்க நாம் ஒரு சிறு இடைவெளி விடுவோம். உங்களுக்கோ கமா என்றால் ஆயிரம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரினை 5,000 யூனிட் என்று நீங்கள் இந்தியப் பழக்கத்தில் எழுதினால், இங்கே படித்தவர் கண்ணுக்கு அது வெறும் ஐந்து. ஹெப்பாரினுக்கு ஐந்து யூனிட் அபத்தம் என்பதால் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். எல்லா மருந்திலும் அப்படி அபத்தம் கண்ணில் படாது. போதாக்குறைக்கு, டிரிப்பில் மருந்தை அளந்து ஏற்றும் சில இன்ஃப்யூஷன் பம்புகளின் திரையில் புள்ளிதான் வரும்.

ஆகவே ஆயிரங்களை 5 000 என்று இடம் விட்டு எழுதுங்கள். ஒன்றுக்குக் குறைந்த எண்ணுக்கு முன்னால் சுழியம் கட்டாயம் வேண்டும். வெறும் ,5 என்று எழுதினால் கமா மங்கி ஐந்தாகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் சுழியமே கூடாது. 1,0 என்பதை 10 என்று படிக்க மங்கலான ஒரு ஜெராக்ஸ் போதும். இன்னும் நல்லது, கமாவே வராமல் எழுதுவது. இதய மருந்தான டிகாக்சின் 0,25 மில்லிகிராம் என்பதை 250 மைக்ரோகிராம் என்று எழுதலாம். ஆனால் மைக்ரோகிராம் என்ற சொல்லைச் சுருக்காதீர்கள், சுருக்கினால் மில்லிகிராம் என்று படித்து ஆயிரம் மடங்கு கொடுத்துவிடுவார்கள். டிகாக்சினைக் கொடுக்குமுன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுவதும் உண்டுதானே? பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

*அம்மா வார்டில் இருக்கிறார். ஒவ்வொரு தடவை மாத்திரை கொடுக்கும்போதும் பெயர் கேட்கிறார்கள். "நேற்று கேட்டவளே இன்றும் கேட்கிறாள், என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாளா?" என்று அம்மாவுக்குக் கோபம்.*
– மகள், சாட்ஸ்வொர்த்

உங்கள் ஊர் வார்டில் நின்று "மிசஸ் கோவெண்டர்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேர் திரும்புவார்கள். நாயுடு, பிள்ளை, மூட்லி, ரெட்டி எல்லாம் அதே கதைதான். காது மந்தமான பாட்டிமார் எந்தப் பெயரைச் சொன்னாலும் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். அதனால்தான் "நீங்கள் மிசஸ் கோவெண்டர்தானே?" என்று கேட்காமல் "உங்கள் முழுப் பெயர் என்ன, எப்போது பிறந்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். நம் 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறும் பிறந்த தேதிதான், வருடம் முதலில் வரும். பாட்டி சொல்கிற தேதி கைப்பட்டையோடும் சார்ட்டோடும் ஒத்துப்போக வேண்டும். கட்டில் எண்ணை நம்பக் கூடாது. ஜன்னலோரம் குளிர்கிறது என்று இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே கட்டில் மாறிக்கொள்வது எல்லா வார்டிலும் நடக்கிற கூத்து.

அம்மாவிடம் சொல்லுங்கள், பெயர் கேட்காமல் மாத்திரையை நீட்டுகிறவளிடம்தான் கோபித்துக்கொள்ள வேண்டும். "இது என்ன மாத்திரை, நேற்று வேறு நிறமாக இருந்ததே?" என்று கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. கம்பெனி மாறினால் நிறமும் மாறும், பெரும்பாலும் அவ்வளவுதான். இருந்தாலும் நர்ஸ் டிராலிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கொடுக்கட்டும்.

*மார்ஃபின் போன்ற ஷெட்யூல் 6 கட்டுப்பாட்டு மருந்துக்கு இரண்டாவது ஆள் கையெழுத்து வெறும் சடங்காகிவிட்டது. "சைன் பண்ணு" என்று புத்தகத்தை நீட்டுகிறார்கள்.*
– ஸ்டாஃப் நர்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கையெழுத்துப் போடாதீர்கள். மார்ஃபின் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) இங்கே ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம், 15 மில்லிகிராம் என்று இரண்டு விதமாக வருகிறது. 5 மில்லிகிராம் கொடுக்க ஒன்றில் பாதி எடுக்க வேண்டும், மற்றதில் மூன்றில் ஒரு பங்கு. முதல் ஆள் விடையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் இரண்டாவது ஆள் "ஆமாம்" என்றுதான் சொல்வார். அதனால் சார்ட்டையும் ஆம்பூலையும் வாங்கி நீங்களே தனியாகக் கணக்குப் போடுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். மிச்சத்தைக் கொட்டுவதும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். கட்டில் வரை கூடவே போங்கள், சாட்சி அங்கேதான் தேவை.

அடர் பொட்டாசியம் குளோரைடுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 15 சதவீத 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிமோல் இருக்கிறது. நீர்க்கச் செய்யாமல் ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்க்க இது கிருமி நீக்கிய நீர் ஆம்பூல் போலவே இருக்கும், உங்கள் வார்டில் இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் முதல் வேலையாகப் பொட்டாசியத்தை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

*அம்மாவுக்குச் சர்க்கரை. காவடிக்காகப் பத்து நாள் விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு. காலை இன்சுலினை நிறுத்தலாமா?*
– வாசகர், டோங்காட்

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வழக்கம்போலப் போடவும் வேண்டாம். கொடியேற்றத்துக்கு முன்பே கிளினிக்குக்குப் போங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிற இன்சுலின் அந்தச் சாப்பாட்டுக்கானது. சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின் வேறு கணக்கு. இரண்டும் கலந்து வருகிற வகையில் ஒன்றை மட்டும் விட முடியாது. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. மீட்டர் 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினாலோ, வியர்த்து நடுங்கினாலோ உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். விரதம் முறிந்ததற்கு முருகன் கோபிக்க மாட்டார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையிலும் இதே சிக்கல் உண்டு. நைட் ஷிஃப்ட் கிளம்புமுன் 6 மணிக்கே எல்லாருக்கும் இன்சுலின் போட்டுவிட்டுப் போகும், காலை உணவு வண்டி 8 மணிக்கு வரும். சாப்பாட்டுத் தட்டு வார்டுக்கு வருகிற நேரத்தைப் பார்த்து இன்சுலின் நேரத்தை மாற்றக் கேட்பது நர்ஸின் பொறுப்பு. கேட்டால் சமையலறைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

*கிளினிக்கில் டாக்டரே இல்லை, சிஸ்டரே பார்த்து மருந்து எழுதினார். இது சட்டப்படி சரியா?*
– வாசகர், வெருலம்

சரிதான். 2005-ஆம் ஆண்டு நர்சிங் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, அரசு கிளினிக்கில் டாக்டரோ பார்மசிஸ்டோ இல்லாதபோது அனுமதி பெற்ற பதிவு நர்ஸ் பரிசோதித்து மருந்து எழுத வழி செய்கிறது. 2010 முதல் எச்ஐவி மருந்தையே நர்ஸ்கள் ஆரம்பித்துக் கொடுக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டிலிருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது. மூலிகைப் பொடியும் டிஸ்ப்ரினும்கூட. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், தானும் ரத்தத்தை இளக்கும் டிஸ்ப்ரினைத் தலைவலிக்குப் போடுவதை சிஸ்டரிடம் சொல்லாவிட்டால், அவருக்கு அது தெரிய வழியே இல்லை.