சிறிய நூலகத்தில் ஐஎஸ்ஓ 9001 போன்ற தர முகாமைத்துவ நியமங்களைக் கொண்டுவர முடியுமா?

முடியும். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திருகோணமலையில் சிறிய நூலகம் ஒன்றின் இரவல் பகுதியில் வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐஎஸ்ஓ என்றதும் பலருக்குக் கோப்புகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் 9001இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் தரக் கைநூல்கூடக் கட்டாயமில்லை. வாசகருக்கு என்ன தேவை, அது கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் காரணத்தைத் தேடித் திருத்தினோமா என்பதுதான் அதன் உயிர். நூலகத்தில் எதை அளப்பது என்று அது சொல்லாது. அதற்கு ஐஎஸ்ஓ 11620 இருக்கிறது, நூலகங்களுக்கென்றே எழுதிய செயல்திறன் சுட்டிகள். அதிலிருந்து நாங்கள் ஒன்றைத்தான் எடுத்தோம்: புத்தகம் அதற்குரிய இடத்தில் இருக்கிறதா?

ஏன் அது? மூதூரிலிருந்து வந்த உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இலங்கை வரலாற்று நூல் ஒன்றைக் கேட்டது. கணினியில் இருக்கிறது, இறாக்கையில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வெறுங்கையோடு போய்விட்டது. இரண்டு கிழமை கழித்துத் தூசு தட்டும்போது அகப்பட்டது: நூல்களைப் பாடவாரியாக அடுக்க இடும் தூயி தசம எண்படி 954.93இல் இருக்கவேண்டிய புத்தகம் 945இல், இத்தாலி வரலாற்றோடு நின்றது. எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை.

அப்புறம் மாதாமாதம் பட்டியலில் எழுந்தமானமாக நூறு நூல்களைக் குறித்துக்கொண்டு இறாக்கையில் தேடினோம். இடம் மாறியவற்றை எழுதிவைக்க, இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. வாசித்தவர்கள் நல்ல மனதோடு தாங்களே திருப்பி வைப்பது ஒன்று. மற்றது எங்கள் கடற்காற்று. மார்கழி மழைக்காலத்தில் புத்தக முதுகில் ஒட்டிய இலக்கச் சீட்டு ஈரத்தில் சுருண்டு, ஓரம் கிளம்பி, கடைசி இலக்கம் தேய்ந்துவிடும். சரி, வாசிப்புப் பகுதியில் "வாசித்த நூலை இங்கே வையுங்கள்" என்று ஒரு மேசை போட்டோம், சீட்டுகளின் மேல் அகலமான ஒட்டுநாடா ஒட்டினோம். செலவு அவ்வளவுதான். தேடிக் கிடைக்காத நூல்கள் மாதத்துக்கு மாதம் குறைந்தன.

"வாசகரின் நேரத்தைச் சேமி" என்று இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே விதியாக எழுதிவிட்டார். நியமம் அதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறையான 5எஸ் செய்கிறவர்களும் வண்ணச் சீட்டு ஒட்டுவதோடு நின்றுவிடவேண்டாம். மாதம் ஒருமுறை நூலகரும் ஊழியர்களும் உட்கார்ந்து, தேடிக் கிடைக்காத நூல்களின் கணக்கைப் பார்க்கவேண்டும். அது நடக்காத இடத்தில் சான்றிதழுக்குப் பணம் கட்டவேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அடுத்ததாக, கேட்ட புத்தகம் வாசகர் கைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கத் தொடங்கியிருக்கிறோம்.