நகலுக்கு எதுக்குக் காசு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸ் மேல் பைத்தியம் பிடித்தது. இப்போது அவர்கள் பாட்டை மற்றவர்கள் பாடிய கவர் வெர்ஷன்களையும் ட்ரிப்யூட் ஆல்பங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் அசல், வலப்பக்கம் கவர் என்று எழுதி வைக்கிறேன். வலப்பக்கம் மட்டும் 214 ஆகிவிட்டது. பாதிக்கு மேல் இரண்டாவது தடவை கேட்டதில்லை. ‘அசல் கையில் இருக்கும்போது நகலுக்கு எதுக்குக் காசு?’ என்கிறாள் மனைவி. இவற்றில் எதைத்தான் வைத்துக்கொள்வது?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

நானே நகலில் ஏமாந்துதான் இதற்குள் வந்தேன். தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் பீட்டில்ஸ் கேசட் வாங்கினேன். அட்டையில் நான்கு கிராப்புத் தலைகளின் நிழல். வீட்டுக்கு வந்து போட்டால் குரல் என்னவோ போலிருந்தது. அட்டையின் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே எறும்பளவு எழுத்தில் வேறு யாரோ பாடியதாகப் போட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், “பாட்டு அதே பாட்டுதானே சார்” என்றார் கடைக்காரர்.

வேறு வழியில்லாமல் அதையே ஒரு மாதம் கேட்டேன். குரலைவிட டிரம்ஸ்தான் உறுத்தியது. பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் சும்மா தாளம் தட்டுகிறவர் என்று நினைத்திருந்தேன். அவர் இல்லாத பாட்டைக் கேட்டபோதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று காதில் விழுந்தது.

அந்தப் பாடத்துக்கு ஒரு கேசட் போதும், 214 வேண்டாம். அசலைப் போலவே பாடியிருப்பதையெல்லாம் தயங்காமல் கழித்துவிடுங்கள். ஆளுக்கொரு பாட்டு என்று இருபது பேர் பாடும் ட்ரிப்யூட் ஆல்பங்களும் பெரும்பாலும் கல்யாண வரவேற்புக் கச்சேரி மாதிரிதான். ஒன்றிரண்டு தேறும்.

பாடகர் ஜோ காக்கரை வைத்துக்கொள்ளுங்கள். ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’, 1967-ல் ரிங்கோ பாடியபோது தோளில் கைபோட்டு நடக்கிற பாட்டு. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கேஸ் ஃபிட்டராக இருந்த இந்த மனிதர் அதைப் பாதி வேகத்துக்கு இறக்கி, நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் இருந்ததை மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாற்றினார். அசலில் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இதில் பெண்குரல்கள் கேட்கின்றன. காக்கர் தொண்டை கிழியப் பதில் சொல்கிறார். அதே வார்த்தைகள்தான். ஆனால் இந்த ஆளுக்கு உதவி நிஜமாகவே தேவைப்படுகிறது.

அப்புறம் ‘மெக்லெமோர் அவென்யூ’ என்ற ஆல்பம். பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பம் 1969 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் எல்லாருக்கும் பின்னணி வாசித்துக்கொண்டிருந்த புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் குழு 1970-லேயே அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியை ஆர்கனும் கிட்டாருமாகப் பாடகரே இல்லாமல் வாசித்து வெளியிட்டது. அட்டையில் நால்வரும் தங்கள் ஸ்டூடியோ இருந்த மெக்லெமோர் அவென்யூ தெருவைக் கடக்கிறார்கள். ‘அபே ரோடு’ அட்டையில் பீட்டில்ஸ் நால்வரும் லண்டன் தெருவைக் கடக்கும் படத்தைப் பார்த்துச் செய்த விளையாட்டுதான். ஆனால் இந்த நால்வரில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஊர் அது. இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

லைபாக் குழு 1988-ல் பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ ஆல்பத்தை ராணுவ அணிவகுப்பு போல இசைத்தது. தலைப்புப் பாட்டையே விட்டுவிட்டார்கள், குறும்புக்காரர்கள். நண்பர்களைப் பயமுறுத்த உதவும்.

உங்கள் மனைவிக்கு அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் ‘எலினார் ரிக்பி’யைப் போட்டுக் காட்டுங்கள். கல்யாணம் முடிந்த தேவாலயத்தில் இறைந்து கிடக்கும் அரிசியைப் பொறுக்குகிற தனியான பெண்ணின் கதை. அங்கேயும் நம் அட்சதை மாதிரி அரிசி தூவுகிறார்கள். பீட்டில்ஸ் அவளைத் தள்ளி நின்று பார்த்துப் பாடினார்கள், பின்னால் எட்டுத் தந்தி வாத்தியங்கள் மட்டும். அரீதா எடுத்த எடுப்பிலேயே ‘நான்தான் எலினார் ரிக்பி’ என்று ஆரம்பிக்கிறார்.

கடைசியாக உங்கள் நோட்டைப் பற்றி ஒரு சந்தேகம். ‘லெட் இட் பி’ பாட்டை எழுதியவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸின் இசைத்தட்டு வந்தது 1970 மார்ச்சில். அரீதா பாடியது அந்த ஜனவரியிலேயே அவருடைய ஆல்பத்தில் வந்துவிட்டது. அதை நீங்கள் இடப்பக்கம் எழுதியிருக்கிறீர்களா, வலப்பக்கமா?