செத்தவீட்டில் வாசித்த வசனம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அம்மா காலமானார். எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பாசையூர். பரம்பரைக் கத்தோலிக்கர். பின்னேரம் செபமாலை சொல்லி முடிக்காமல் அம்மா இரவுச் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார். ஆனால் ஊர்ச்சனம் அவரை நினைப்பது அதற்காக இல்லை. 1995இல் போரினால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் கொடிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த அரிசியை எங்களுக்கென்று ஒளித்து வைக்காமல், அந்த வகுப்பறையில் இருந்த எல்லாருக்கும் காலையில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். உப்பு இல்லாத நாளிலும் காய்ச்சினார். எனக்கு அப்போது பத்து வயது. அரிசி குறையக் குறைய அம்மாவில் கோபம் கோபமாக வந்தது.

என் தம்பி சில வருடங்களாக பெரிய திருச்சபைகளைச் சேராத ஒரு சுயாதீன சபைக்குப் போகிறான். செத்தவீட்டுக்கு அந்தச் சபைப் போதகரும் வந்தார். பந்தலுக்குள் இருந்தவர்களுக்கு பைபிளில் எபேசியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இரண்டு வசனம் வாசித்தார். பிறகு, "இந்த அம்மா எவ்வளவு நன்மை செய்திருந்தாலும் அது இரட்சிப்புக்கு உதவாது. இயேசுவைச் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். நீங்களாவது இன்றைக்கே தீர்மானம் எடுங்கள்" என்றார். தம்பி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் எழும்பி, "என்ர தங்கச்சி செய்த புண்ணியத்துக்கு நேரே மோட்சம். அதை இவர் ஆர் சொல்ல?" என்று சண்டைக்குப் போய்விட்டார்.

இரண்டு பேரில் யார் சொன்னது சரி? 31ஆம் நாள் பூசைக்கு வரமாட்டேன் என்றும் தம்பி சொல்கிறான். என்ன செய்யலாம்?

மே.

*

அன்புள்ள மே.,

உங்கள் அம்மாவின் பிரிவுக்கு என் அனுதாபங்கள். பிரேதத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கதைத்தது முறையில்லை. ஆனால் முறையில்லாமல் கதைத்தார் என்பதால் அவர் வாசித்த வசனம் பிழையாகிவிடாது. ஆகவே வசனத்துக்கே வருகிறேன். நான் மெதடிஸ்த திருச்சபையில் வளர்ந்தவன், மனைவி வீட்டார் கத்தோலிக்கர். இந்த வழக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடந்திருக்கிறது. எந்தத் தரப்புக்கும் சட்டத்தரணியாக நான் எழுதவில்லை.

போதகர் வாசித்தது எட்டாம், ஒன்பதாம் வசனங்களாகத்தான் இருக்கும். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல. இதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே நிற்கவில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வசனத்திலேயே எழுதுகிறார். பத்தாம் வசனத்தை விட்டுவிட்டு எட்டையும் ஒன்பதையும் மட்டும் வாசிக்கிற பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க உண்டு.

யாக்கோபின் நிருபம் இதற்கு நேரெதிராகப் பேசுவதுபோல இருக்கும். மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று அதன் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பவுல் ஆபிரகாமைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிறார். யாக்கோபும் அதே ஆபிரகாமைக் கூப்பிட்டு, ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தபோது அவன் கிரியையினால் அல்லவா நீதிமானானான் என்று கேட்கிறார். இந்த நிருபத்தில் எரிச்சல்பட்ட ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், 1522இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றே எழுதிவிட்டார்.

ஆனால் இரண்டு பேரும் யாரோடு வழக்காடுகிறார்கள் என்று பாருங்கள். விருத்தசேதனம் செய்தால்தான், யூதரின் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் கடவுளின் சனமாகலாம் என்று யூதரல்லாத புது விசுவாசிகளை நெருக்கியவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். வாசலில் நின்று தகுதி கேட்பவர்களோடு அவருக்குச் சண்டை. யாக்கோபின் சண்டை உள்ளே வந்து வசதியாக இருந்துகொண்டவர்களோடு. அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பொன்மோதிரமும் மினுக்கான உடுப்பும் போட்டவன் ஆலயத்துக்கு வருகிறான். அவனுக்கு நல்ல இடம். கந்தையோடு வருகிற ஏழைக்கு, அங்கே நில், அல்லது என் கால்மாட்டில் இரு. சாதி பார்த்துச் சனத்தை இருத்திய கோயில்களும் சபைகளும் இருந்த யாழ்ப்பாணத்தில் இந்தப் பகுதியை விளக்கிப் பிரசங்கம் செய்யவே தேவையில்லை, வாசித்தால் போதும். கொஞ்சம் கீழே, உடுப்பும் அன்றன்றைக்குச் சாப்பாடும் இல்லாத ஒரு சகோதரியிடம், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்கிறார். பிசாசுகளும்தான் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். பவுல் இதில் எதை மறுப்பார்? அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர்தான்.

போதகரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "உன் விசுவாசத்தைக் கிரியைகள் இல்லாமல் எனக்குக் காட்டு பார்ப்போம்" என்று யாக்கோபு சவால் விடுகிறார். மற்றவருடைய நெஞ்சுக்குள் போய்ப் பார்க்க எங்களுக்கு வழி இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது கொடிகாமத்துக் கஞ்சியும் பின்னேரச் செபமாலையும்தான். குறிப்பிட்ட ஒரு வார்த்தையைக் குறிப்பிட்ட ஒரு நாளில் சொல்லித் தீர்மானம் எடுத்தவருக்குத்தான் இரட்சிப்பு என்றால், அந்தத் தீர்மானமே ஒரு கிரியை ஆகிவிடுகிறது. நான் எடுத்தேன், நீ எடுக்கவில்லை என்று பெருமைபாராட்ட அதிலும் இடம் உண்டு. பவுல் அடைக்க நினைத்தது அந்த வாசலைத்தான்.

வாயால் அறிக்கையிட்டால் போதும் என்ற ஏற்பாட்டை நம் ஊர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். அரச உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் வேண்டும். பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள். வீட்டுக்குள்ளே பழைய வழிபாடு. பிரித்தானியர் வந்து அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் பதிவேட்டுக் கிறிஸ்தவம் கரைந்து போனது. அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் இங்கே வந்தார். கூலியாளைப் போல உடுத்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்த்து, ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு கண்டிக்குப் போனார். 1697இல் அங்கே பெரியம்மை பரவி, சனம் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது இவர் நின்று பராமரித்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அந்த நோயாளிகளைக் கழுவித் துடைத்த நேரத்தில் அவர் தன் மோட்சத்துக்குப் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இனிப் பெரியம்மா. அவர் கோபப்பட்டது நியாயம், சொன்னது பிழை. அவர் பரம்பரைக் கத்தோலிக்கராக இருக்கலாம், ஆனால் "செய்த புண்ணியத்துக்கு நேரே மோட்சம்" என்பது கத்தோலிக்கப் போதனை இல்லை. மனித முயற்சியாலேயே மீட்பு பெறலாம் என்ற பெலாஜியுஸ் என்ற துறவியின் போக்கை 418இலேயே கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் கண்டித்துவிட்டது. லூத்தருக்கு மறுமொழி சொல்வதற்காகக் கூட்டப்பட்ட கத்தோலிக்கத் திரெந்து சங்கம் 1547 ஜனவரியில் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டது. விசுவாசம் மட்டும் போதும் என்பதை அது கண்டித்தது உண்மை. ஆனால் அதன் முதல் கண்டனமே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் தன் செயல்களால் ஒருவர் கடவுள் முன் நீதிமானாகலாம் என்று சொல்பவர்கள் மேல்தான். பெரியம்மா சொன்னதைச் சைவ சித்தாந்தம் படித்த ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார். நல்வினையும் கட்டுத்தான், விடுதலை அருளால் என்பார்.

ஆனாலும் பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. இத்தனை செபமாலைக்கு இத்தனை பலன், இந்த நேர்த்திக்கு இந்த வரம், மண்டபம் கட்டக் கொடுத்தவரின் பெயர் கல்லில், தொகையும் பக்கத்தில் என்று சீட்டுக் கட்டிக் கழிவு எடுப்பதுபோலத்தான் நாங்கள் பக்தியைப் பழகியிருக்கிறோம். என் மெதடிஸ்த ஆட்களும் இதில் விலக்கு இல்லை.

அப்புறம் இன்னொன்று. விசுவாசம் மட்டும் என்று போதித்தால் சனம் நன்மை செய்வதை விட்டுவிடும் என்று கத்தோலிக்க நண்பர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது கஷ்டம். 1816இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரிமார் கல்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழி வந்தவர்கள். மனிதனுடைய செயல் அவனுடைய இரட்சிப்பில் ஒரு சல்லிக்கும் பெறுமதியில்லை என்று நம்பியவர்கள். அவர்கள்தான் வட்டுக்கோட்டையில் செமினரியும் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார், அதற்கான புத்தகங்களையும் தமிழில் ஆக்கினார். இரட்சிப்பைச் சம்பாதிக்க வேண்டிய பயம் இல்லாதவன் அடுத்தவனைப் பார்க்க நேரம் உள்ளவன் ஆகிறான் என்பது அவர்கள் கணக்கு. லூத்தரே ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நன்மை செய்யவேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே அது செய்து முடித்திருக்கும் என்கிறார். 1738 மே 24 இரவு லண்டனில் ஒரு கூட்டத்தில் அந்த முன்னுரையை வாசிக்கக் கேட்டுத்தான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் நெஞ்சில் சூடு ஏறியது. அவருடைய ஆட்கள் 1814இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். நான் மெதடிஸ்தனாக வளர்ந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

பெரிய சபைகளுக்கு இடையில் இந்தச் சண்டை பெருமளவு ஓய்ந்துவிட்டது, பந்தலடியில்தான் இன்னும் நடக்கிறது. 1999 ஒக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எங்கள் தகுதி எதையும் பார்த்து அல்ல, அருளினால் மட்டுமே கடவுள் எங்களை ஏற்றுக்கொள்கிறார், ஏற்றுக்கொண்டவர்களை நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். உலக மெதடிஸ்தப் பேரவை 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதில் சேர்ந்தன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அருளால் செய்யும் நன்மைக்குப் பேறுபலன் உண்டா, கடவுள் பாவியை நீதிமான் என்று தீர்க்கிறாரா, உள்ளுக்குள் நீதிமானாக மாற்றுகிறாரா என்பவை நிற்கின்றன. சுயாதீன சபைகளை அந்த அறிக்கை கட்டுப்படுத்தவும் இல்லை.

உங்கள் அம்மா எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்கவில்லை, ஆனால் கடிதத்துக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு நன்மை செய்யவும் அவகாசம் இருக்கவில்லை, இன்றைக்கே பரதீசு என்றார் இயேசு. மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பின்போது வலதுபக்கம் நிற்பவர்களுக்கோ தாங்கள் செய்தது நினைவிலேயே இல்லை. ஆண்டவரே, உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டு சாப்பாடு தந்தோம் என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு இடத்தையும் வாசித்த ஒருவர் உங்கள் அம்மா விஷயத்தில் எப்படி அவ்வளவு நிச்சயமாகப் பேசினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பெரியம்மாவின் நிச்சயமும் அப்படியே, ஆனால் அவர் பாசத்தில் பேசினார்.

31ஆம் நாளுக்கு வருவோம். இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது வேறு வழக்கு, அதை 1999 அறிக்கை தீர்க்கவில்லை. தம்பிக்கு அது மனச்சாட்சி விஷயம் என்றால் கோயிலுக்குள் இழுக்காதீர்கள். வராத கோபத்தை ஆயுசுக்கும் வைத்திருக்கவும் வேண்டாம். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு இருக்கும்தானே? பரிமாறுகிற பொறுப்பை அவனிடம் கொடுங்கள். அதை மறுக்க அவனுடைய சபையில் எந்த வசனமும் இருக்காது. போதகரைக் கூப்பிடுவதென்றால் மட்டும் முதலில் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.