தாவல்தோறும் தனி ஒலியளவு: கேள்வி பதில்

உலாவித் தாவல்களின் ஒலியளவைத் தனித்தனியே மாற்றும் நீட்டிப்புகளை (உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களை) குறித்து வந்த கேள்விகளுக்கு, அத்தகைய நீட்டிப்பு ஒன்றைச் சொந்தப் பயன்பாட்டுக்காக எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி: விண்டோஸிலேயே வால்யூம் மிக்சர் இருக்கிறதே, நீட்டிப்பு எதற்கு?

பதில்: மிக்சர் செயலிக்கு ஒரு பட்டைதான் தருகிறது, அதன் கணக்கில் குரோம் முழுவதும் ஒரே செயலி. ஒரு தாவலில் பாடமும் மற்றொன்றில் பாட்டும் ஓடினால், பட்டையை இறக்கும்போது இரண்டும் சேர்ந்தே இறங்கும். உலாவி தானாகத் தருவது ஒலியடக்கம் மட்டுமே. அதிலும் குரோமில் வலச் சொடுக்கில் கிடைக்கும் வசதி தாவலை அடக்குவதில்லை, தளத்தையே அடக்குகிறது. அதே தளம் வேறு தாவல்களில் திறந்திருந்தால் அவையும் ஊமையாகிவிடும். ஃபயர்பாக்ஸ் அந்தந்தத் தாவலைத் தனியே அடக்கும். ஆனால் பாட்டு மெல்லக் கேட்க வேண்டும், பாடம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் இரண்டு உலாவிகளிலும் நீட்டிப்பைத்தான் நாட வேண்டும்.

கேள்வி: 600 சதவீதம் வரை கூட்டலாம் என்கிறார்கள். 100க்கு மேல் எப்படிப் போக முடியும்? அப்படிக் கூட்டினால் ஏன் கரகரவென்று கேட்கிறது?

பதில்: இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. வலைப்பக்கத்தில் உள்ள காணொளியின் ஒலியளவை 0 முதல் 1 வரைதான் வைக்க முடியும். அதற்கு மேல் கொடுத்தால் உலாவி பிழை என்று திருப்பிவிடும். ஆகவே நீட்டிப்பு அந்த அளவைத் தொடுவதில்லை. ஒலியையே வழிமறித்து, வெப் ஆடியோ என்னும் உலாவி வசதியில் உள்ள 'கெயின்' கணு வழியாக அனுப்புகிறது. அந்தக் கணு செய்வது வெறும் பெருக்கல். ஒலி என்பது உலாவிக்குள் நொடிக்குப் பல்லாயிரம் எண்களாக ஓடுகிறது. ஒவ்வொன்றும் ‑1க்கும் +1க்கும் இடையில் இருக்க வேண்டும். 600 சதவீதம் என்றால் ஒவ்வோர் எண்ணும் ஆறால் பெருக்கப்படும். மெல்லப் பேசிப் பதிவு செய்த பாடத்தில் 0.1 என்றிருந்தது 0.6 ஆகும், நன்றாகக் கேட்கும். பாட்டிலோ 0.3 கூட 1.8 ஆகிவிடும், ஆனால் ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் 1க்கு மேற்பட்டதெல்லாம் வெட்டப்படும். அலையின் முகடுகள் இப்படித் தட்டையாவதைத்தான் காது கரகரப்பாக உணர்கிறது. இன்றைய பாட்டுகள் பெரும்பாலும் விளிம்பு வரை நிரப்பியே வெளிவருவதால், அவற்றைக் கூட்டுவதில் பயனில்லை.

இன்னொன்று: ஆறு மடங்கு என்பது ஏறத்தாழ 15.6 டெசிபல். சுமார் 10 டெசிபல் கூடினால்தான் ஒலி இரட்டிப்பானதாக நமக்குத் தோன்றும். ஆக, 600 என்று எழுதியிருந்தாலும் காதுக்குச் சுமார் மூன்று மடங்குதான். என்னைக் கேட்டால், இந்த நீட்டிப்புகளின் உண்மையான அருமை குறைப்பதில்தான் இருக்கிறது. கூட்டுவது விளம்பரத்துக்கு அழகு.

கேள்வி: குரோமில் நீட்டிப்பை இயக்கியதும் தாவலில் நீலக் குறி ஒன்று வருகிறது, காணொளியை முழுத்திரையாக்கினால் சாளரத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: குரோம் நீட்டிப்புகளில் பல, தாவலின் ஒலியைப் 'பிடிப்பு' முறையில் பெறுகின்றன. திரையைப் பிறருடன் பகிரும்போது நடப்பதைப் போலவே உலாவி இதையும் நடத்துகிறது. பிடிபட்டிருக்கும் தாவலைக் காட்டவே அந்தக் குறி. முழுத்திரையும் அதனால்தான் மட்டுப்படுகிறது. காணொளியை விரித்தபின் எஃப் 11 விசையை அழுத்தினால் திரை நிரம்பிவிடும்.

கேள்வி: ஃபயர்பாக்ஸில் சில தளங்களில் நீட்டிப்பை இயக்கியவுடன் ஒலியே நின்றுவிடுகிறது.

பதில்: ஃபயர்பாக்ஸ் நீட்டிப்புகளுக்குத் தாவல் பிடிப்பு வசதி இல்லை. எனவே அவை பக்கத்துக்குள் நுழைந்து, அங்குள்ள காணொளியை நேரடியாக வெப் ஆடியோவுடன் இணைக்கின்றன. காணொளிக் கோப்பு வேறொரு வழங்கியிலிருந்து, பிற தளங்களுக்கான அனுமதிக் குறிப்பு இல்லாமல் வருமானால், பாதுகாப்பு கருதி உலாவி அந்த இணைப்பில் மௌனத்தை மட்டுமே விடும். ஒருமுறை போட்ட இணைப்பைக் கழற்றவும் வழியில்லை. அந்தத் தளத்துக்கு மட்டும் நீட்டிப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: இணையக் கூட்டத்தில் இதைக் கூட்டினால் என் குரலும் மற்றவர்களுக்கு உரக்கக் கேட்குமா?

பதில்: கேட்காது. உங்களிடம் வந்து சேரும் ஒலி மட்டுமே மாறும். உங்கள் ஒலிவாங்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கிறது. ஒலியளவுக்கு இவ்வளவு அனுமதி எதற்கு?

பதில்: பக்கத்துக்குள் நுழைந்து வேலை செய்யும் வகைக்கு இது உண்மையிலேயே தேவை, தளவாரியாக அளவை நினைவில் வைத்துத் தானே பொருத்துவதற்கும் தேவை. பிடிப்பு முறையில் இயங்குவதற்கு, நீங்கள் பொத்தானை அழுத்திய தாவலின் அனுமதியே போதும். எனவே குரோமில் இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுங்கள். முன்பே நிறுவியிருந்தால், நீட்டிப்பின் விவரப் பக்கத்தில் தள அணுகலை 'சொடுக்கும்போது மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். நீட்டிப்புகள் கைமாறுவதும், புதிய உரிமையாளரின் பதிப்பு ஓசையின்றி நம் கணினியில் வந்து இறங்குவதும் நடக்கக்கூடியவையே.

கேள்வி: காதுக்குக் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். இதில் கவனிக்க வேண்டியது, பிடிப்பு முறையில் வைத்த அளவு பக்கத்தோடு அல்ல, தாவலோடு ஒட்டிக்கொள்வது. மெல்லிய குரல் பாடத்துக்காக 500இல் வைத்துவிட்டு, அதே தாவலில் அடுத்த காணொளிக்குப் போனால், அதன் விளம்பரம் 500இலேயே தொடங்கும். காதொலிப்பானோடு நானும் ஒருமுறை இப்படித் துள்ளியிருக்கிறேன். பாடம் முடிந்ததும் தாவலையே மூடிவிடுவது என் வழக்கம்.

கேள்வி: கைப்பேசியில் பயன்படுத்தலாமா?

பதில்: ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் நீட்டிப்புகளை ஏற்கும், அங்கே முயன்று பார்க்கலாம். ஐபோனிலோ, காணொளியின் ஒலியளவை மாற்றவே பக்க நிரலுக்கு உரிமை கிடையாது. பக்கவாட்டுப் பொத்தான்தான் கதி.