டிசம்பர் 31-க்குள் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியே ஆக வேண்டுமா?

கேள்வி (நவம்பர் 2025): சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. வாரம் மூன்று நாள் மலையேற வேண்டும். சம்பளம் 24,000. என் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஒன்பது வயதாகிறது, இன்ஜின் வேலைக்கு 11,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் 1,20,000 சொல்கிறார்கள். “டிசம்பர் தாண்டினா ரோடு டாக்ஸ் கட்டணும்க்கா, இப்பவே புக் பண்ணிருங்க” என்று ஷோரூம் பையன் தினமும் போன் செய்கிறான். முன்பணம் போக 90,000-க்கு அங்கேயே லோன், 10 சதவீத வட்டி, மூன்று வருஷம். அரசு 30,000 மானியம் தருகிறது, வருமான வரியிலும் 1.5 லட்சம் கழிக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் கரண்ட் ஓடுகிறது. மகள் படிப்புக்காக 1,50,000 எஃப்டி போட்டிருக்கிறேன். அதை உடைக்கலாமா? சாப்பாடு டெலிவரி செய்யும் என் தம்பியும் ஒரு வண்டி கேட்கிறான்.

பதில்: ஷோரூம் பையன் பொய் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கைப்படி, எலெக்ட்ரிக் வண்டிக்கு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரி முழுவதும் தள்ளுபடி. 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு, நம் மாநிலத்தில் புது டூவீலருக்கு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் கட்ட வேண்டும். உங்கள் வண்டிக்குக் கணக்குப் போட்டால் 14,400 ரூபாய். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியம் 2025-26 நிதியாண்டில் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 5,000-தான், அதற்கு முந்தைய வருஷம் 10,000 இருந்தது. அது பில்லிலேயே கழிந்து வரும். சொன்ன 1,20,000 கழித்த விலையா, கழிக்காத விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்ன இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. மாநிலக் கொள்கையில் இருக்கும் கொள்முதல் மானியம் வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடும் வண்டிகளுக்கு. அந்தக் கொள்கையின் பெரும் நோக்கமே 50,000 கோடி முதலீடும் 1.5 லட்சம் வேலையும்தான். ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதியது, நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அதில் கிடைப்பது வரித் தள்ளுபடி. வருமான வரிச் சலுகை 80 இஇபி பிரிவில் வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டுமே அது.

எனக்கு உறுத்துவது அந்த 10 சதவீத லோன். டியூ எவ்வளவு வரும் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 2,904 என்றால், கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு வட்டி. 3,250 என்றால் ஃப்ளாட் வட்டி, அதாவது முதல் மாதம் வாங்கிய 90,000-க்கே கடைசி மாதம் வரை வட்டி. மூன்று வருஷத்தில் 27,000 போகும். உண்மையான விகிதம் 18 சதவீதம். ஷோரூம் மேஜையில் பத்து என்று சொன்னால் பெரும்பாலும் ஃப்ளாட்தான்.

எஃப்டியை உடைக்க வேண்டாம். அதன் பேரிலேயே அதே வங்கியில் கடன் கேளுங்கள். பொதுவாக எஃப்டி வட்டிக்கு மேல் ஒரு சதவீதம் போடுவார்கள், டெபாசிட்டும் தன் பாட்டுக்கு வளரும். 8 சதவீதம் என்றே வைத்தாலும் 90,000-க்கு மூன்று வருஷ வட்டி சுமார் 11,500. ஃப்ளாட் லோனோடு ஒப்பிட்டால் 15,500 மிச்சம். ஆக, 14,400 வரி மிச்சமாகுமே என்று அவசரப்பட்டு ஷோரூம் லோனில் கையெழுத்துப் போட்டால், அந்த மிச்சம் மொத்தமும் வட்டியில் போய்விடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டியூ தவறினால் கை வைக்கப்போவது மகள் படிப்புக் காசில்.

இனி ஓட்டும் செலவு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்து, மலையும் ஊரும் சேர்த்து லிட்டருக்கு 40 கிலோமீட்டர் போட்டால் 2,500 ஆகிறது. கரண்டுக்கு மாதம் 35 யூனிட் ஆகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் 440 யூனிட் 510 ஆகிவிடும். 500 தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8.55 ரூபாய் என்பதோடு, இரண்டாவது நூறு யூனிட்டின் சலுகை விலையும் போய்விடும். பத்து யூனிட் தாண்டியதற்கு பில் திடீரென்று ஏறியது போலத் தெரியும். அதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 720 ரூபாய் கூடும், மாதத்துக்கு 360. எப்படிப் பார்த்தாலும் 2,100 மிச்சம்.

அந்த 2,100-ல் 700-ஐத் தொடாதீர்கள். தபால் நிலையத்தில் மாதா மாதம் கட்டும் ஐந்து வருஷ ஆர்டியில் போடுங்கள். 2025 நவம்பரில் இருக்கும் 6.7 சதவீதத்தில் முடிவில் கிட்டத்தட்ட 50,000 கையில் இருக்கும். வாரன்டி முடிந்து பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். மீதி மாதம் 1,400. இதைப் புதுப் பெட்ரோல் ஸ்கூட்டரோடு ஒப்பிடுவோம். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது, எலெக்ட்ரிக்குக்கு பழைய 5-தான். 80,000 விலையுள்ள பெட்ரோல் வண்டிக்கு சாலை வரி சேர்த்து 88,000 என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் 32,000. இரண்டு வருஷத்துக்குள் அது திரும்பிவிடும். வரி விலக்கு தவறிப்போய் வித்தியாசம் 46,400 ஆனாலும் மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். அதனால்தான் பதறாதீர்கள் என்கிறேன். முந்தைய விலக்கு 2022-ல் முடிய வேண்டியது, பிறகு நீட்டினார்கள். இந்த முறையும் நீளும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். வாங்குவதாக முடிவு செய்தால், புக்கிங் ரசீதை நம்பாமல் டிசம்பர் 31-க்குள் ஆர்டிஓ பதிவே முடிந்துவிடும் என்று எழுதி வாங்குங்கள்.

எந்த வண்டி என்று நான் சொல்லப்போவதில்லை. பேட்டரி 3 கிலோவாட்-ஹவருக்குக் (kWh) குறையக் கூடாது, அவ்வளவுதான். நண்பருடைய அப்படியொரு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். அடிவாரத்தில் 94 சதவீதம் காட்டியது, இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து ஏரிக்கரையில் நிறுத்தியபோது 51. இறங்கும்போது மூன்று நான்கு சதவீதம் ஏறக்கூடச் செய்தது. எஸ்டேட் அலுவலகத்தில் சார்ஜ் போட விட்டார்கள் என்றால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் மோட்டார் பிரேக் பிடிக்காது, மொத்தச் சுமையும் கை பிரேக்கில் வந்து விழும். அந்த வளைவுகளில் அது வேண்டாம்.

தம்பி கதை வேறு. டெலிவரி தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புது இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 மானியம் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதலில், ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வண்டி, கடன் எல்லாமே அவர் பெயரில் இருக்கட்டும். உங்கள் எஃப்டியில் இரண்டாவது கடனுக்கு இடமில்லை.

நாளைக்கு அந்தப் பையன் போன் செய்தால் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானா வரைக்கும் என்பான். ஏற்காடு வரைக்கும் என்று சொல்லுங்கள்.