எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் படத்தின் சுவை போய்விடுமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: படம் எடுக்கும் விதத்தைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியதில் இருந்து அவருக்கு எந்தப் படத்திலும் மனம் ஒட்டவில்லையாம். கதாநாயகி அழுதால் கிளிசரின் போத்தல்தான் ஞாபகம் வருகிறதாம். உங்களுக்கும் அப்படியா என்று கேட்கிறார்.

எனக்கு அப்படியில்லை. ஒரேயொரு விசயத்தில் மட்டும் சுவை கெடுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இலங்கையின் வடக்கில், வன்னியில் விசுவமடுப் பக்கம் வளர்ந்தவன். இப்போது கிளிநொச்சியில் கலியாணவீடு, சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுத்து, எடிற் செய்து கொடுப்பதுதான் தொழில். சினிமாவில் வேலை செய்தவன் இல்லை, அதன்மேல் பைத்தியம் பிடித்தவன். அந்தக் கணக்கில் இதை வாசியுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கரண்ட் கம்பமே கிடையாது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போடுவோம். சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் பாடுகிறவருக்கும் குரல் ஓயும். படம் போடுவது அதைவிடப் பெரிய ஏற்பாடு. ரீவி, வீடியோ கசெற் போடுகிற டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மிசினில் ஏற்றி வரவேண்டும். போரும் பொருளாதாரத் தடையுமான காலம். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஜெனரேற்றரை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெயும் சும்மா வராது. வீட்டுக்கு ஒரு போத்தல் சேர்ந்தால்தான் மூன்றாவது படம். சத்தம் கேட்காமல் இருக்க ஜெனரேற்றரை வளவின் கடைசியில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் வைப்பார்கள். விடியப்புறம் மண்ணெண்ணெய் தீரப்போகிற நேரம் ரீவியில் படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கும். கதாநாயகன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சுருங்குவான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் முதல் படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் ரீவியின் சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடுகிறது, ஆனால் ஊமை. தட்டிப் பார்த்தார்கள், கழற்றிப் பார்த்தார்கள். "சத்தம் இல்லாட்டி என்ன, கதை தெரியும்தானே" என்றார் சித்தப்பா. பாதிச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொடுத்த நாங்கள் போகவில்லை.

அன்றைக்குத்தான், படம் விட்டு விட்டு மாறுகிறது என்பதைக் கண்டேன். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒருவன் பார்க்கிறான். அடுத்தது ஒரு கதவு. அடுத்தது திரும்ப அவன் முகம், முதலில் இருந்ததைவிடக் கிட்ட. மாறும் ஒவ்வொரு தடவையும் முழங்காலில் தட்டிக்கொண்டு வந்தேன். சண்டைக் காட்சி வந்தபோது கை எட்டவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. ஒரு துண்டில் கை ஓங்கி வருகிறது. அடுத்த துண்டில் தலை திரும்புகிறது. நடுவில் அடி எங்கேயும் இல்லை! இவ்வளவு காலமும் அடித்தது அந்தச் சத்தம்தான். மிச்சத்தை நான் என் மண்டைக்குள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்த மச்சானிடம் சொன்னேன். "பேசாமப் பாரடா" என்றான்.

பிறகு வேறொரு வீட்டில் அதே படத்தைச் சத்தத்தோடு போட்டார்கள். அடி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் குத்து விழுந்தபோது கண்ணை மூடினேன். உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அன்றைக்குத்தான். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு வந்த சந்தோசங்கள்.

போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபின் வவுனியாவுக்குப் போய் முதல் தடவையாகத் தியேட்டரில் படம் பார்த்தேன். படத்தைவிட முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த வெளிச்சத்தைத்தான் அதிகம் பார்த்தேன். இடைவேளையில் ஒப்பரேற்றர் ஐயாவிடம் கெஞ்சி மேலே ஏறிவிட்டேன். உள்ளே வேக்காடு, இரண்டு மெசின். ஒன்றில் பிலிம் சுருள் முடிகிற நேரம் அடுத்த சுருள் மற்றதில் ஓடவேண்டும். அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "தம்பி, திரையில வலப்பக்க மேல் மூலையைப் பார். ஒரு புள்ளி வரும். அப்ப மற்ற மெசினை ஓடவிடோணும். ரெண்டாம் புள்ளிக்கு மாத்தோணும்." இரண்டு புள்ளிக்கும் இடையே ஏழெட்டு விநாடி. கீழே இருக்கிறவனுக்குக் கதை அறாமல் ஓடுகிறது, மேலே ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டு மூலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பிலிமில் விநாடிக்கு 24 தனித்தனிப் படம் ஓடுகிறது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். கையால் சுற்றிய ஊமைப்பட காலத்தில் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், 1920களின் கடைசியில் சத்தம் வந்தபோதுதான் 24 என்று கட்டிப்போட்டார்கள். கண் வேக மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி பிலிம், அதில் 2,16,000 படங்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் இருந்து இழுத்துக்கொண்டு போனால் பரந்தன் சந்திக்குக் கிட்டப் போய்விடும். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்துக்குப் பிலிம் நகரும்போது அது திரையில் தெரியக்கூடாது என்று மெசினுக்குள் ஒரு தகடு வெளிச்சத்தை மறைக்கும். படம் மினுங்காமல் இருக்க, நின்றுகொண்டிருக்கும் படத்தையும் இடையில் ஒருதரம் மறைக்கும். அப்படிப் பார்த்தால் தியேட்டரில் ஏறத்தாழப் பாதி நேரம் வெறும் இருட்டுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறோம். இருட்டிலேயே வளர்ந்த எங்களுக்கு இது தெரிந்தபோது ஒரு சிரிப்பு வந்தது.

தொழிலுக்கு வந்த பிறகு கற்றது வேறு வகை. லெவ் குலெஷோவ் என்ற ரஷ்யர் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் கோப்பை, ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். முகம் ஒன்றேதான், ஆனால் பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று வேறு வேறாகக் கண்டு நடிகரைப் புகழ்ந்தார்களாம். இதை வாசித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே ஒரு கலியாணவீட்டில் செய்திருந்தேன். தாலி கட்டுகிற நேரம் பொம்பிளையின் தகப்பனார் பந்தலில் இல்லை. அவர் முகம் இல்லாமல் அந்த இடம் வெறுமையாக இருந்தது. தேடிப் பார்த்தால் வேறொரு கிளிப்பில் கலங்கியதுபோல ஒரு பார்வையோடு நிற்கிறார். எடுத்து, கெட்டிமேளத்துக்கு நடுவில் வைத்தேன். கனடாவில் இருந்த சித்தி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு விடிய விடிய அழுததாக அவர்கள் வீட்டில் சொன்னார்கள். உண்மையில் அந்த மனிதர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது, பந்திக்குப் போகும் சோற்று அண்டாவை. சோறு காணுமோ காணாதோ என்ற கவலை.

இதில் பொய் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். மகளை அனுப்புகிற கவலையும் சோறு காணாது என்ற கவலையும் ஒரு தகப்பனுக்கு ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பது என் கட்சி.

மழைக் கதையையும் சொல்ல வேண்டும். சில வருசத்துக்கு முன் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் தொடங்கினோம். மழையில் ஒருவன் வீட்டுப் படலையைத் திறக்கிற காட்சி. மாரி காலம், வானம் பிளந்து கொட்டுகிறது, சும்மா கிடைக்கிற மழை என்று சந்தோசமாக எடுத்தோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் மழையைக் காணவில்லை! நனைந்த ஒருவன் ஏதோ மங்கலான பகலில் நடக்கிறான், அவ்வளவுதான். துளி கண்ணாடிபோல இருக்கிறது, வேகமாக விழுகிறது. வெள்ளை வானத்துக்கு முன்னால் கமெராவுக்கு அது தெரியாது. பின்னால் இருந்து வெளிச்சம் பட்டு, அதற்கும் பின்னால் இருட்டு இருந்தால்தான் துளி மினுங்கும். இயற்கை மழையை நம்பாமல் சினிமாக்காரர்கள் தண்ணீர் பவுசர் கொண்டுவருவது ஆடம்பரத்துக்கு இல்லை என்று அன்றைக்கு விளங்கியது.

பங்குனியில் திரும்ப எடுத்தோம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின், தோட்டத்து ஸ்பிறிங்ளர் இரண்டு, அவற்றைக் கட்ட ஒரு பாலை மரம். ட்ரக்டரை வேலிக்குப் பின்னால் விட்டு இரண்டு லைற்றையும் போட்டோம். மிசினை இழுத்ததும் இருட்டுக்குள் வெள்ளிக் கம்பிகளாக இறங்கியது பாருங்கள், கமெராவைப் பிடித்திருந்தவன் எடுக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றான். பாலு மகேந்திரா சொன்ன கதை அப்போது ஞாபகம் வந்தது. மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் கித்துல்கலவில் டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் படம் எடுப்பதைப் பார்த்தாராம். லீன் 'மழை' என்று கத்தினாராம், மழை பெய்ததாம். இயக்குநராக வேண்டும் என்று அந்த நிமிடமே நினைத்துவிட்டாராம். எங்கள் மழையைப் பார்க்க வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். "அங்கால பயறு வாடிக்கொண்டு நிக்குது, இஞ்ச நீங்கள் றோட்டுக்கு இறைக்கிறியளோ?" நியாயமான விமர்சனம். அடுத்த நாள் அதே மிசினால் அவருடைய பயறுக்கு இறைத்துக் கொடுத்தோம்.

அந்தக் காட்சிக்குச் சத்தமும் பிழைத்தது. உண்மையான மழையைத் தகரத்துக்குக் கீழே இருந்து பதிந்தால் இரைச்சல்தான் வந்தது. கடைசியில் அம்மா அப்பளம் பொரிக்கிற சத்தத்தைக் கலந்தோம். இப்படிச் சத்தத்தைத் தனியாகச் செய்து ஒட்டும் வேலைக்கு, யூனிவர்சல் ஸ்ரூடியோவில் அதைச் செய்த ஜாக் ஃபோலியின் பெயரே நிலைத்துவிட்டது. இப்போதும் அந்தக் குறும்படத்தைப் பார்த்தால் எனக்குக் குளிர்கிறது. அப்பளம் என்று தெரிந்தும் குளிர்கிறது.

இது எங்கள் சனத்துக்குப் புது அனுபவமா என்ன? முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடினால் கோவலன் சாகப்போகிறான் என்று தெரியாத ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். கண்ணகியாக வருவது மீசையை மழித்த ஓர் அண்ணை என்பதும் தெரியும், காலையில் அவரைச் சந்தையில் கண்டிருப்பார்கள். ஆச்சிமார் அழுகிறார்கள்தானே. அதனால் கிளிசரினை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அந்தக் காட்சியில் அழுகை வரவில்லை என்றால் பிழை கிளிசரினில் இல்லை, காட்சியில் இருக்கலாம்.

சரி, கெட்டுப்போகிறது என்று சொன்ன விசயம். வன்னியைக் காட்டுகிற படங்கள். காடு என்று ஏதோ ஒரு காட்டைக் காட்டுவார்கள், அதில் ஒரு பாலையோ வீரையோ இருக்காது. எங்கள் பேச்சு என்று ஒன்று பேசுவார்கள், டப்பிங் செய்தவருக்கு யாரோ பத்துச் சொல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விளங்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கமுடியாதது இரவு. எங்கள் பக்கத்து இரவில் யாராவது வெளியில் நடந்தால் ஆட்காட்டிக் குருவி கத்தாமல் விடாது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்பியிருந்த இரவுகள் எத்தனை! படத்திலோ பத்துப் பேர் இருட்டில் நடந்து போவார்கள், பின்னால் எங்கேயோ பதிந்த சில்லூறு இரையும், ஒரு ஆட்காட்டி வாய் திறக்காது. அந்த இடத்தில் நான் படத்தைவிட்டு வெளியே வந்துவிடுவேன். கிளிசரின் செய்யாததை அது செய்துவிடும்.

குளக்கட்டில் இரவு இரண்டு மணிக்குப் போய் நின்று பதிந்த ஆட்காட்டிச் சத்தம் என்னுடைய கணினியில் நாற்பது நிமிடம் இருக்கிறது. இரண்டு குருவி, கிட்டவும் தூரவுமாக, காற்று இல்லாத நாளில் பதிந்தது. வன்னியில் படம் எடுக்கிற யாராவது இதை வாசித்தால் கேளுங்கள். காசு வேண்டாம்.