அமெரிக்கப் பள்ளியில் வீட்டு மொழி எது என்று ஏன் கேட்கிறார்கள்?

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து பலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தேவையில்லாத பயம்.

ஆங்கிலத்தில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்கான முதல் கேள்வி இது, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகளை எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் அது சம வாய்ப்பு ஆகிவிடாது என்று 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பல மொழிக் குடும்பங்கள் வாழும் பெருநகரப் பள்ளிகளுக்கு இது இன்றும் அடிப்படை.

கண் மருத்துவர் "எழுத்து மங்கலாகத் தெரிகிறதா?" என்று கேட்பது போலத்தான் இதுவும். ஆமாம் என்றதும் கண்ணாடி மாட்டிவிடுவதில்லை, சோதிக்கிறார். இங்கேயும் தமிழ் என்று எழுதினால் ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். பிள்ளை நன்றாகச் செய்தால் சரி, வழக்கமான வகுப்புதான். தேறாவிட்டாலும் ஆங்கில உதவி வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் மறுக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் தேர்வு தொடரும்.

அப்புறம், இந்தப் படிவம் விசா நிலையைக் கண்டறிவதற்கானது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது என்று 1982-லேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.